புல்தரையில் பழுப்புத் திட்டா? மருந்து வாங்கும் முன் இதையெல்லாம் செய்யுங்கள்

ஒரு கோடை முழுவதும் என் வீட்டுப் புல்தரையோடு மல்லுக்கட்டினேன். முதலில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு பழுப்பு வட்டம் வந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து தினமும் சாயங்காலம் குழாயைத் திறந்துவிட்டேன். ஒரே வாரத்தில் வட்டம் மூன்றானது. சரி, சத்துக் குறைவாக இருக்கும் என்று யூரியா தூவினேன். பத்து நாளில் மூன்று வட்டமும் ஒன்றாகச் சேர்ந்து, பாய் விரித்த அகலத்துக்குப் புல் படுத்துவிட்டது. கடைசியாக ஒரு பூஞ்சைக்கொல்லி வாங்கி, பழுப்பான இடத்தில் மட்டும் அடித்தேன். அதற்கும் நோய் அடங்கவில்லை.

நான் ஊற்றிய தண்ணீரும் போட்ட உரமும்தான் அந்தப் பூஞ்சையை வளர்த்தன என்பது எனக்கு வெகு தாமதமாகத்தான் தெரிந்தது. புதிதாகப் புல்தரை வளர்க்கிற நீங்கள் அதே வழியில் போக வேண்டாம் என்பதற்காக, எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன். காசே செலவாகாத வேலைகள் முதலில் வருகின்றன, பணம் போகிற வேலைகள் கடைசியில். பலருக்குக் கடைசி வேலைகள் தேவையே படாது.

1. முதல் நாள்: எதையும் தெளிக்காதீர்கள், குறித்து வையுங்கள்

பழுப்பைப் பார்த்ததும் கை குழாய்க்கும் உரப் பைக்கும் போகும். அன்று ஒரு நாள் பொறுங்கள். திட்டின் ஓரத்தில், பழுப்பும் பச்சையும் சந்திக்கும் கோட்டில், நான்கு பக்கமும் சிறு குச்சிகளை நடுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்துப் பழுப்பு அந்தக் குச்சிகளைத் தாண்டியிருந்தால் நோய் பரவுகிறது என்று அர்த்தம். தாண்டவில்லை என்றால் அவசரமே இல்லை, நிதானமாகக் காரணம் தேடலாம்.

தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நின்று ஒரு படம் எடுங்கள். ஒரு நோட்டில் நான்கு விஷயங்களை எழுதி வையுங்கள்: கடைசியாக உரம் போட்ட தேதியும் அளவும், தண்ணீர் விடும் நேரம், புல் வெட்டிய தேதி, கடந்த பத்து நாளின் வெயிலும் மழையும். களைக்கொல்லி அடித்திருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். அப்புறம் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பினாலும், விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டாலும், முதல் கேள்விகள் இவைதான். நினைவிலிருந்து சொன்னால் தப்பாகத்தான் சொல்வோம். நான் உரம் போட்டு ஒரு மாதம் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். பை வாங்கிய ரசீதைப் பார்த்தபோது பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

2. உண்மையிலேயே பூஞ்சைதானா?

பழுப்பு என்றாலே பூஞ்சை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கீழே சொல்லும் சோதனைகளுக்கு மொத்தமாக அரை மணி நேரம் ஆகும்.

முதலில் ஒரு நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பழுப்பான இடத்தில் குத்துங்கள், பிறகு பச்சையான இடத்தில் குத்துங்கள். பச்சையில் எளிதாக இறங்கிப் பழுப்பில் இறங்க மறுத்தால் அது வறட்சி, அல்லது அடியில் செங்கல், கல் ஏதோ புதைந்திருக்கிறது. நடந்த காலடித் தடம் நிமிராமல் அப்படியே கிடப்பதும் தாகத்துக்கு அடையாளம்.

அடுத்தது, பழுப்புப் புல்லைக் கொத்தாகப் பிடித்து இழுங்கள். பாயைச் சுருட்டுவதுபோல் வேரில்லாமல் மொத்தமாக எழுந்து வந்தால், அடியில் வெள்ளை நிறத்தில் வளைந்து கிடக்கும் வண்டுப் புழுக்களைத் தேடுங்கள். அவை வேரைத் தின்றிருக்கும். ஒரு சதுர அடிக்கு ஒன்றிரண்டு இருந்தால் பயப்பட வேண்டாம், ஆரோக்கியமான புல் அதைத் தாங்கும். பத்துக்குப் பக்கமாக இருந்தால் உங்கள் பிரச்சினை புழு. பூஞ்சை மருந்து அதற்கு ஒன்றும் செய்யாது.

நடுவில் செத்து, சுற்றிலும் கரும்பச்சையாகச் செழித்து நிற்கும் சிறு வட்டம் என்றால் நாயின் சிறுநீர். நேர்க்கோடாக, பட்டை பட்டையாகப் பழுப்பு இருந்தால் உரம் தூவும்போது ஒரே இடத்தில் இரட்டையாக விழுந்து கருக்கியிருக்கிறது. புல்தரை முழுவதும் நுனி மட்டும் வெளிறி, நார் நாராகக் கிழிந்திருந்தால் வெட்டும் இயந்திரத்தின் பிளேடு மழுங்கியிருக்கிறது. சூடான சிமெண்டுத் தரையை ஒட்டி, நல்ல வெயில் படும் ஓரத்தில் தொடங்கும் பழுப்பில் சாறு உறிஞ்சும் சிறு பூச்சிகள் இருக்கலாம். இரண்டு பக்கமும் திறந்த ஒரு டப்பாவை மண்ணில் அழுத்தித் தண்ணீர் நிரப்பினால் சில நிமிடத்தில் அவை மேலே மிதந்து வரும்.

இவை எதுவும் இல்லை, வட்டம் மட்டும் பெரிதாகிக்கொண்டே போகிறது என்றால் அடுத்த படிக்கு வாருங்கள்.

3. விடியற்காலையில் மண்டியிட்டுப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். பகல் வெயிலில் எல்லாத் திட்டும் ஒரே மாதிரிதான் தெரியும். சூரியன் ஏறும் முன், பனி காயாத நேரத்தில் போய்த் திட்டின் ஓரத்தில் முகத்தைத் தாழ்த்திப் பாருங்கள். நடுவில் இருப்பது செத்த புல், அது எதையும் காட்டாது. நோய் உயிரோடு இருப்பது ஓரத்தில்தான்.

நான் அன்று பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. வட்டத்தின் விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்குப் புகை படிந்ததுபோல் ஒரு கருஞ்சாம்பல் வளையம். ஒரு இலையைக் கிள்ளி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். வைக்கோல் நிறத்தில் ஒழுங்கில்லாத ஒரு புள்ளி, அதைச் சுற்றி மெல்லிய கரும்பழுப்புக் கோடு. ஒன்பது மணிக்குத் திரும்பி வந்தபோது வளையம் மறைந்துவிட்டது. அதுதான் பழுப்புத் திட்டு நோய், ரைசோக்டோனியா என்ற பூஞ்சை. இரவிலும் 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்காத வெப்பம், பத்து மணி நேரத்துக்கு மேல் இலையில் ஈரம், கூடவே தாராளமான தழைச்சத்து (நைட்ரஜன்), இந்த மூன்றும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். வெப்பம் தானாக இருந்தது, மற்ற இரண்டையும் நானே செய்து கொடுத்திருந்தேன்.

இது ஃபெஸ்க்யூ, ரை போன்ற குளிர்காலப் புல் வகைகளில் கோடையில் வருவது. கொரியன் புல், செயின்ட் அகஸ்டின் போன்ற வெப்பக்காலப் புல்லில் அதே குடும்பத்துப் பூஞ்சை வெயில் குறைந்த மாதங்களில், புல் உறங்கப்போகும் போதோ விழிக்கும் போதோ தாக்கும். அங்கே இலையில் புள்ளி தேடாதீர்கள். இலையைப் பிடித்து மெல்ல இழுங்கள். சிரமமில்லாமல் உருவிக்கொண்டு வந்து, அடிப்பகுதி பழுப்பாக அழுகியிருந்தால் அதுதான். திட்டின் விளிம்பு ஆரஞ்சு நிறம் காட்டும்.

நாணய அளவிலிருந்து உள்ளங்கை அளவு வரை வெளிறிய சிறு திட்டுகள் நிறைய இருந்தால் அது டாலர் ஸ்பாட். காலையில் சிலந்தி வலை போல வெள்ளை இழை படர்ந்திருக்கும். இலையின் குறுக்கே வைக்கோல் நிறப் பட்டையும் அதன் இரண்டு பக்கமும் செம்பழுப்புக் கோடும் இருக்கும். இதில் காரணம் தலைகீழ்: தழைச்சத்துக் குறைந்த புல்லைத்தான் இது பிடிக்கும். ஆகவே பழுப்புத் திட்டுக்கு உரத்தை நிறுத்த வேண்டும், டாலர் ஸ்பாட்டுக்குக் கொஞ்சம் கொடுக்க வேண்டும். பெயர் தெரியாமல் வைத்தியம் செய்தால் நோயை வளர்ப்போம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

ஒரே ஒரு நோய்க்கு மட்டும் அவசரம் தேவை. இலை எண்ணெய் தடவியதுபோல் கறுத்து வழவழப்பாகி, பஞ்சு போன்ற வெள்ளை இழை படர்ந்து, தண்ணீர் ஓடிய வழியிலோ இயந்திரம் ஓடிய தடத்திலோ நீளமாகப் பரவினால் அது பித்தியம். நல்ல வெப்பமும் ஈரமும் இருந்தால் ஓரிரு நாளில் பெரிய பகுதியைக் கொன்றுவிடும். அன்றைக்கே தண்ணீரை நிறுத்துங்கள். அந்த ஈரத்தில் நடக்காதீர்கள், வெட்டாதீர்கள்.

மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாக. செருப்பில் ஆரஞ்சுப் பொடி ஒட்டினால் துரு நோய்; கொஞ்சம் உரம், ஒழுங்கான வெட்டு போதும். வளையமாகக் காளான் முளைத்தால் பெரும்பாலும் மண்ணுக்குள் மட்கும் மரத்துண்டோ பழைய வேரோ இருக்கும். மருந்து அடிப்பதைவிட அந்த இடத்தைக் கம்பியால் ஆழமாகக் குத்தி, நன்றாகத் தண்ணீர் இறங்க விடுவது பலன் தரும். புல்லின் மேல் சாம்பல் பூசியதுபோல் ஒரே இரவில் ஏதோ வந்து உட்கார்ந்திருந்தால் அது பாசிப்பூஞ்சை; குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினால் போய்விடும், தீங்கில்லை.

4. சந்தேகம் தீரவில்லையா? மாதிரி அனுப்புங்கள்

முதலில் வீட்டிலேயே ஒரு சோதனை. ஓரத்துப் புல்லில் ஒரு சிறு கட்டியை வேரோடு எடுத்து, ஈரக் காகிதத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டு, ஒரு இரவு அறைக்குள் வையுங்கள். காலையில் வெள்ளை இழை படர்ந்திருந்தால் பூஞ்சை சுறுசுறுப்பாக இருக்கிறது.

பெயர் உறுதியாகத் தெரிய வேண்டும் என்றால் வேளாண் பல்கலைக்கழகங்களும் வேளாண் துறைகளும் நடத்தும் செடிநோய் ஆய்வகங்களுக்கு அனுப்பலாம். தப்பான மருந்து ஒன்றை வாங்கி வீணாக்குவதைவிட இந்தக் கட்டணம் மேல் என்பது என் கருத்து. இதில் சில கண்ணிகள் உண்டு. மருந்து தெளித்த பிறகு மாதிரி எடுத்தால் ஒன்றும் தெரியாது, ஆகவே தெளிக்கும் முன் எடுங்கள். செத்த நடுப்பகுதியை அனுப்பாதீர்கள்; பாதி பச்சை, பாதி பழுப்பாக, உள்ளங்கை அகலத்தில், ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் ஆழ மண்ணோடு வெட்டுங்கள். தண்ணீர் தெளிக்காமல் செய்தித்தாளில் சுற்றுங்கள். வார இறுதியில் தபாலில் போட்டால் வழியிலேயே அழுகும், வாரத் தொடக்கத்தில் அனுப்புங்கள். கூட வைக்கும் படிவத்தில் புல்லின் வகை, உரம், தண்ணீர், மருந்து எல்லாம் கேட்பார்கள். முதல் நாள் எழுதிய நோட்டு இங்கே கைகொடுக்கும்.

5. தண்ணீர் விடும் நேரத்தை மாற்றுங்கள்

பாதி நோய் இங்கேயே அடங்கும். செலவு எதுவும் இல்லை.

சாயங்காலம் தண்ணீர் விட்டால் இலை இரவு முழுக்க நனைந்து கிடக்கும். விடியற்காலையில், சூரிய உதயத்தை ஒட்டி விடுங்கள். அந்த நேரத்தில் இலை பனியில் ஏற்கெனவே நனைந்துதான் இருக்கும். அதனால் ஈரமாக இருக்கும் நேரம் கூடாது, வெயில் ஏறியதும் காய்ந்துவிடும்.

தினமும் கொஞ்சம் தெளிப்பதை விட்டுவிட்டு, வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை ஆழமாக விடுங்கள். மழையையும் சேர்த்து வாரத்துக்குச் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் பொதுவான கணக்கு. மணல் மண் என்றால் அதைப் பிரித்துக் கொடுங்கள். அளப்பது எளிது: நேரான சுவருள்ள ஐந்தாறு காலி டப்பாக்களைப் புல்தரையில் அங்கங்கே வைத்து, தெளிப்பானைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, சேர்ந்த தண்ணீரை அளவுகோலால் அளந்து பாருங்கள். என் வீட்டில் ஒரு டப்பாவில் மற்றதைப் போல இரண்டு மடங்கு நிறைந்திருந்தது. அது இருந்தது நோய் தொடங்கிய மூலையில்.

நோய் இருக்கும் நாட்களில் காலையில் ஒரு நீளக் கயிற்றையோ ரப்பர் குழாயையோ இரண்டு பேர் பிடித்துப் புல்லின் மேல் இழுத்துக்கொண்டு போங்கள். பனி உதிர்ந்து இலை சீக்கிரம் காயும். இரண்டு நிமிட வேலைதான், ஆனால் டாலர் ஸ்பாட்டுக்கு இது நன்றாகவே உதவும்.

6. வெட்டும் முறை, உரம், காற்று

ஒரு வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். ஃபெஸ்க்யூ புல்லை ஏழு முதல் பத்து சென்டிமீட்டர் உயரத்தில் விடலாம். அருகு வகைகள் இரண்டரை முதல் ஐந்து சென்டிமீட்டரில் நன்றாக இருக்கும். பிளேடைத் தீட்டி வையுங்கள், கிழிந்த நுனி வழியாக நோய் எளிதில் நுழையும். ஈரப் புல்லை வெட்டாதீர்கள். ஆரோக்கியமான பகுதியை முதலில் வெட்டி, நோயுள்ள இடத்தைக் கடைசியாக வெட்டி, இயந்திரத்தின் அடிப்பக்கத்தைக் கழுவிக் காய விடுங்கள். வெட்டிய புல்லைத் தரையிலேயே விடுவது மற்ற நாட்களில் நல்ல உரம். நோய் பரவும் வாரங்களில் மட்டும் வாரி எடுத்துவிடுங்கள்.

பழுப்புத் திட்டு இருக்கும்போது யூரியா போன்ற வேகமான தழைச்சத்து வேண்டவே வேண்டாம். புல் தன் வகைக்கு ஏற்ற பருவத்தில் தானாக வளரத் தொடங்கிய பிறகு மெதுவாகக் கரையும் உரம் கொடுங்கள்.

மண்ணுக்கும் பச்சைக்கும் நடுவே காய்ந்த தண்டும் வேரும் மெத்தை போலச் சேர்ந்திருக்கிறதா என்று ஒரு கட்டியை வெட்டிப் பாருங்கள். ஒன்றேகால் சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் இருந்தால் அதில் ஈரம் தங்கும், பூஞ்சையும் தங்கும். அதை வாரி எடுப்பதும் மண்ணில் துளை போட்டுக் காற்றோட்டம் கொடுப்பதும் புல் வேகமாக வளரும் பருவத்தில் செய்ய வேண்டியவை. நோயின் உச்சத்தில் செய்தால் களைத்த புல் இன்னும் களைக்கும். நிழல் அடர்த்தியாக இருந்தால் மேலே உள்ள கிளைகளைக் கொஞ்சம் கழித்துவிடுங்கள்.

7. பூஞ்சைக்கொல்லி: தேவைப்பட்டால் மட்டும்

மேலே சொன்னவற்றை இரண்டு வாரம் செய்தும் குச்சிகளைத் தாண்டிப் பரவுகிறது என்றால் மருந்தைப் பற்றி யோசிக்கலாம். ஒன்றை மனதில் வையுங்கள்: மருந்து செத்த புல்லை எழுப்பாது. நல்ல புல்லைக் காப்பாற்றும், அவ்வளவுதான். நான் பழுப்பில் மட்டும் அடித்து ஏமாந்தது அதனால்தான். திட்டையும் அதைச் சுற்றியுள்ள பச்சைப் பகுதியையும் சேர்த்துத் தெளிக்க வேண்டும்.

பெயர் தெரியாமல் வாங்கினால் பணம் போகும். அசாக்சிஸ்ட்ரோபின் பழுப்புத் திட்டுக்கு நன்றாக வேலை செய்யும், டாலர் ஸ்பாட்டைக் கட்டுப்படுத்தாது. ப்ரோபிகோனசோல் இரண்டுக்கும் ஆகும். பித்தியம் உண்மையான பூஞ்சையே அல்ல என்பதால் ப்ரோபிகோனசோலும் தயோபனேட் மெத்திலும் அதைத் தொடாது. அதற்கு மெஃபெனாக்சம் போன்ற தனி மருந்து வேண்டும். வணிகப் பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே ஒரே மருந்தாக இருக்கலாம், ஆகவே லேபிளில் செயல்படு பொருளின் பெயரைப் படியுங்கள். பல லேபிள்களில், மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் ஒரு குழு எண்ணும் இருக்கும். அடுத்தடுத்த தெளிப்புக்கு வேறு எண் உள்ளதை எடுங்கள், ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூஞ்சை பழகிவிடும்.

அனுமதி நாட்டுக்கு நாடு வேறு. குளோரோதலோனில் என்ற பூஞ்சைக்கொல்லிக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் அனுமதியைப் புதுப்பிக்கவில்லை. வேறு இடங்களில் அது இன்னும் விற்கப்படுகிறது. வீட்டுப் புல்தரைக்கு அனுமதி உண்டு என்று லேபிளில் அச்சிட்டிருந்தால்தான் வாங்குங்கள். வாங்கப் போகும் முன் நீளத்தையும் அகலத்தையும் அளந்து பரப்பளவை எழுதிக்கொண்டு போங்கள். ஒரு தெளிப்புக்கு எவ்வளவு, பதினான்கு முதல் இருபத்தெட்டு நாள் இடைவெளியில் இரண்டு தெளிப்புக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் தேவைக்கு மேல் வாங்க மாட்டீர்கள். கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி அவசியம். காற்றடிக்கும்போது தெளிக்காதீர்கள். குளம், மீன் தொட்டிப் பக்கம் போகவே கூடாது. முழுவதும் காயும் வரை குழந்தைகளும் செல்லப்பிராணிகளும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். லேபிள் அதற்கு மேல் நேரம் சொன்னால் அதையே கடைப்பிடியுங்கள்.

8. செத்த இடத்தை மீண்டும் பச்சையாக்குவது

அவசரப்பட்டுத் தோண்டாதீர்கள். பழுப்பான ஒரு தூரைப் பிடுங்கி, வேரும் தண்டும் சேரும் அடிக்கட்டையை நகத்தால் அழுத்துங்கள். வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. மூன்று நான்கு வாரத்தில் புது இலை வரும். பழுப்பாகக் குழைந்தால் போய்விட்டது.

அருகு, கொரியன் போன்று ஓடுதண்டு விட்டுப் படரும் வகைகள் சிறு திட்டுகளைத் தாமே மூடிக்கொள்ளும். ஃபெஸ்க்யூவும் ரையும் தூராக நிற்பவை, அவற்றுக்கு விதைக்கத்தான் வேண்டும். செத்ததை வாரி எடுத்து, மேல்மண்ணைக் கீறிவிட்டு, ஒரே ரகமாக இல்லாமல் நோய் தாங்கும் இரண்டு மூன்று ரகங்களின் கலவையைத் தூவுங்கள். குளிர்காலப் புல்லுக்குக் கோடை முடிந்த தொடக்க வாரங்கள் சரியான நேரம், வெப்பக்காலப் புல்லுக்கு வசந்த முடிவு. ரை ஐந்து முதல் பத்து நாளிலும், ஃபெஸ்க்யூ ஒன்றிரண்டு வாரத்திலும், கென்டக்கி புளூகிராஸ் இரண்டு முதல் நான்கு வாரத்திலும் முளைக்கும். களை முளைக்காமல் தடுக்கும் மருந்தை அண்மையில் போட்டிருந்தால் உங்கள் விதையும் முளைக்காது. எத்தனை வாரம் பொறுக்க வேண்டும் என்பது அதன் லேபிளில் இருக்கும்.

விதைத்த இடத்துக்கு மட்டும் தினமும் லேசான தண்ணீர் தேவை, காலையிலும் மத்தியானத்திலும். சாயங்காலம் வேண்டாம், இளநாற்று அழுகிவிடும். முளை மூன்று விரல் உயரம் வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வாரம் ஒன்றிரண்டு முறை என்ற பழைய கணக்குக்கே வந்துவிடுங்கள். முதல் நாள் நட்ட குச்சிகளை இன்னும் பிடுங்க வேண்டாம். அடுத்த முறை வெப்பமும் ஈரமும் சேரும் பருவத்தில் விடியற்காலைப் பார்வையை அந்த இடத்திலிருந்து தொடங்குங்கள், வந்த இடத்திலேயே திரும்ப வருவது இதன் வழக்கம்.